எண்ணுவாரும் எண்ணப்படுவாரும்

உலகத்தில் எண்ணாலும் அளவாலும் மதிக்கப்படாத பொருள்கள் இக்காலத்து மிகச் சில. நெல்லை மரக்காலால் அளந்தார்கள் நம் முன்னோர். பாலைப் படியால் அளந்தார்கள். நூலைச் சிட்டத்தாலும் நம்பராலும் இன்றும் மதிக்கின்றோம். கற்றவனுடைய கல்வியையும் எண்ணால் அளக்கும் முறை ஒன்று இப்பொழுது ஏற்பட்டு எங்கும் பரவியிருக்கின்றது. அம்முறையைப் பற்றியும், அதனால் எமக்கு நேர்ந்த ஒரு மனக்கலக்கத்தைப் பற்றியும், அக்கலக்கம் எம்மை எவர் வீட்டு வாயிலிற் கொண்டுபோய் நிறுத்திற்று என்பதைப் பற்றியும் நம் கலாசாலைச் சஞ்சிகையை வாசிக்கும் அன்பர்களுக்குச் சில கூற விரும்புகின்றோம்.

சென்ற கோடை விடுமுறைக்குச் சில நாட்கள் முன்னர், ஆசிரியர் ஒவ்வொருவரும் நிரப்பித் தரவேண்டிய படிவம் ஒன்று எம் கைக்கு வந்தது. வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள் எத்தனை? அவற்றைப் பிறர் மேற்கோளாக எடுத்தாண்டது எத்தனை முறை? 'எச் எண்' யாது? இவை அதன் வினாக்கள். யாம் உயிரணுக்களின் இயல்பைக் கற்பிக்கும் தொழிலினேம். பல ஆண்டு உழைப்பைக் கூட்டிப் பார்த்ததில், கட்டுரைகள் 9, மேற்கோள்கள் 71, எச் எண் 4 என்று கணக்கு முடிந்தது. அந்த 71-இல் 43 ஒரே கட்டுரைக்கு உரியவை. அந்த 43 என்னும் எண்ணை எழுதும்பொழுது எம் கை சிறிது தயங்கிற்று. தயங்கியது ஏன் என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

இம்முறையின் வரலாற்றை அறியாத மாணவர்க்காக இங்கே சிறிது விளக்குதல் தகும். ஆராய்ச்சி செய்வோர் தம் கட்டுரையின் இறுதியில், தமக்கு முன் அப்பொருளை ஆராய்ந்தார் பெயரையும் அவர் எழுதியவற்றையும் குறித்தல் மரபு. அக்குறிப்புக்களையெல்லாம் ஓரிடத்தே திரட்டித் தலைமாற்றி அடுக்கினால், ஒரு கட்டுரையைப் பின்வந்தோர் யார் யார் எடுத்தாண்டனர் என்று எளிதிற் காணலாம் என, அமெரிக்க நாட்டினராகிய யூஜின் கார்பீல்டு என்பவர் 1955-ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' என்னும் சஞ்சிகையில் எழுதினார். பிலடெல்பியா நகரத்தில் அவர் நிறுவிய நிலையம் 1964-ஆம் ஆண்டு முதல் அத்தகைய அட்டவணையை அச்சிட்டு வெளியிட்டது. நூல் தேடுவார்க்கு வழி காட்டுதலே அவர் முதலிற் கருதிய பயன். பின்வந்தோர் அவ்வழிகாட்டி மரத்தைப் பிடுங்கித் துலாக்கோலாகச் செதுக்கிக்கொண்டனர். 2005-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் பௌதிக நூற் பேராசிரியராயிருந்த ஹிர்ஷ் என்பார் எச் எண்ணை வகுத்தார். ஒருவர் எழுதியவற்றுள் ஏழு கட்டுரைகள் ஒவ்வொன்றும் ஏழு முறைக்குக் குறையாமல் எடுத்தாளப்பட்டு, எட்டுக் கட்டுரைகள் எட்டு முறையை எட்டாதிருப்பின், அவர் எண் ஏழு என்பது கணக்கு.

மேற்கோள் என்பது தமிழராகிய நமக்குப் புதிதன்று. நம் உரையாசிரியர்கள் ஒரு விதியை நிறுவவேண்டின், பழைய செய்யுள் ஒன்றைக் காட்டியே நிறுவினர். அவர் அவ்வாறு காட்டிய காரணத்தால், முழு நூல் மறைந்தும் சில செய்யுட்கள் பிழைத்தன. தகடூர் யாத்திரை என்னும் நூல் இன்று முழுமையாகக் கிடைத்திலது. புறத்திரட்டைத் தொகுத்தாரும், தொல்காப்பியத்திற்கு உரை வகுத்த நச்சினார்க்கினியரும் எடுத்தாண்ட பகுதிகளே நமக்கு எஞ்சின. அப்பகுதிகள் எத்தனை முறை எடுத்தாளப்பட்டன என்று எவரும் எண்ணியதில்லை. காட்டியவர் பிரதியை வைத்துப் பின்வந்தார் மூலத்தைத் தேடிச் சென்றனர். மேற்கோளின் முதற் பயன் இதுவே என்பதை நண்பர்கள் மனத்திற் கொள்ளுக.

நிற்க. விடுமுறை வந்ததும் இராஜபாளையம் சென்றோம். எம் தந்தையார் ஊருக்குக் கிழக்கே சத்திரப்பட்டியில் விசைத்தறி வைத்திருப்பவர். அங்கே நெய்வது சேலையன்று, வேட்டியன்று; ஆஸ்பத்திரிகளில் புண்ணைக் கட்டும் பேண்டேஜ் துணி. அப்பகுதியில் தெருத்தோறும் அத்தறிகளின் ஓசையே ஓசை. ஒருநாள் மாலை, தறி நின்றபின் திண்ணையில் அமர்ந்து, படிவத்தைக் குறித்து அவரிடம் கூறினோம். அவர் சிறிது நேரம் கேட்டிருந்து, "நாம் நெய்த துணி எந்த ஊரில் எவன் காலைக் கட்டுகிறது என்று எவருக்குத் தெரியும் அப்பா? கட்டு அவிழாமல் இருந்தால் போதாதா?" என்றார்.

அச்சொல் எமக்கு ஆறுதலாயிருந்தது. உண்மையிலேயே, எல்லார்க்கும் பயன்படும் அறிவு நாளடைவில் பெயரிழந்துவிடும். வெங்காய வேரின் நுனியை நசுக்கி நுண்ணோக்கியில் வைத்து 16 குரோமோசோம்களை எண்ணும் மாணவன், அவ்வித்தையை முதலிற் கண்டவர் யார் என்று கேட்பதில்லை. ஆனால் எம் தந்தையார் அவ்வளவில் நிறுத்தினாரல்லர். "ஒன்று மட்டும் உண்டு. துணியை வாங்கியவன் நம்மை மறக்கலாம். நமக்கு நூல் கொடுத்தவன் கணக்கை நாம் மறக்கக் கூடாது. நாற்பது வருஷமாக அந்த நோட்டில் ஒரு பிழை இல்லை" என்று கூறி எழுந்து போனார். நூல் என்ற சொல்லை அவர் இழையென்னும் பொருளிலேதான் சொன்னார். எம் செவியில் அது மற்றைப் பொருளிலேயும் விழுந்தது. அன்றிரவு உறக்கம் வரவில்லை.

அக்காலத்தில் யாம் ஜானகி அம்மாள் அவர்களுடைய வரலாற்றை, அடுத்த ஆண்டு வகுப்பிற் சொல்லும் பொருட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தோம். நம் நாட்டில் உயிரணுவின் உள்ளே நோக்கி ஆராய்ந்தவருள் அவ்வம்மையார் முன்வரிசையில் நிற்பவர். 1897-ஆம் ஆண்டில் தலைச்சேரியிற் பிறந்து, சென்னையில் இராணி மேரிக் கல்லூரியிலும் மாகாணக் கல்லூரியிலும் பயின்று, சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியராயிருந்தார். அதுவும் நம் கலாசாலை போன்ற ஒரு மிஷன் கலாசாலையே. பின் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்குச் சென்று 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். திருவனந்தபுரத்தில் சில காலம் கற்பித்தபின், கோயமுத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பையும் அதன் உறவுப் புற்களையும் கலந்து பெற்ற பயிர்களின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். உலக யுத்தம் நடந்த ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஜான் இன்னஸ் நிலையத்தில் இருந்துகொண்டு, டார்லிங்டன் என்பவருடன் சேர்ந்து, பயிரிடப்படும் செடிகொடிகளின் குரோமோசோம் எண்களையெல்லாம் தொகுத்துப் பெருநூல் ஒன்று செய்தார். அது 1945-ஆம் ஆண்டில் இருவர் பெயரையும் தாங்கி வெளியாயிற்று.

அந்நூலின் இரண்டாம் பதிப்பு, பூக்குஞ் செடிகள் அனைத்தையும் தழுவியதாக விரிந்து, 1955-இல் வந்தது. அதன் முகப்பில் டார்லிங்டன் பெயர் உண்டு. புதிதாகச் சேர்ந்த வைலி என்பவர் பெயர் உண்டு. ஜானகி அம்மாள் பெயர் இல்லை. ஆகவே இரண்டாம் பதிப்பை எடுத்தாண்டவர் எவரும் அவ்வம்மையாரைக் குறித்தவராகார். முதற் பதிப்பை எடுத்தாண்டவர் குறித்தாலும் ஒரு தடை இருந்தது. அச்சிட்ட பழைய மேற்கோள் அட்டவணை, பலர் சேர்ந்து செய்த நூலை முதற் பெயரின் கீழே மாத்திரம் அடுக்கிற்று. முதற் பெயர் டார்லிங்டனுடையது. மூன்றாவதாக இன்னொன்று: குடும்பப் பெயர் இல்லாத நம் பெயர்களை மேனாட்டு அட்டவணைகள் அறியா. மரியாதைச் சொல்லாகிய 'அம்மாள்' என்பதையே குலப்பெயராகக் கொண்டு, அதன் கீழே அவரைத் தேடவைக்கும் பட்டியல்களும் உண்டு. ஆயிரக்கணக்கான செடிகளின் குரோமோசோம் எண்களைத் தொகுத்தளித்தவர், தாம் எண்ணப்படும் இடத்தில் இவ்வாறு கையிலிருந்து நழுவினார். அவர் பெருமை குறைந்துவிடவில்லை. 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இங்கிலாந்தில் மக்னோலியா மரவகை ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1984-இல் சென்னையை அடுத்த மதுரவாயலில் காலமானார். அவரை மேற்கோள் எண்ணால் மட்டும் தேடுவோன் அவரில் ஒரு பகுதியையே காண்பான் என்பதே யாம் சொல்ல வந்தது.

மேற்கோள் எண்ணே தீது என்று கூறுதலும் பொருந்தாது. கல்கத்தாவில் சம்புநாத் டே என்னும் மருத்துவர், காலரா நோயின் கிருமியை வடிகட்டி நீக்கிய நீரே முயலின் குடலில் அந்நோயின் குணத்தை உண்டாக்குதலைக் கண்டு, கிருமி விடும் நச்சுப்பொருளே காரணம் என்று 1959-ஆம் ஆண்டில் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார். நம் நாட்டு விஞ்ஞானக் கழகங்களுள் ஒன்றேனும் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொள்ளாமலே அவர் 1985-இல் இறந்தார். மறு ஆண்டு கார்பீல்டு, தம் மேற்கோள் அட்டவணைகளை வைத்தே, காலரா ஆராய்ச்சி முழுவதிலும் அம்மருத்துவருடைய கட்டுரைக்கு உள்ள இடத்தை உலகிற்கு எடுத்துக் காட்டினார். அண்டை வீட்டார் காணாததை எங்கோ இருந்த அட்டவணை கண்டது.

ஆயினும், பலர் எடுத்தாண்டதனால் ஒன்று மெய்யாகிவிடாது. மனிதனுடைய உயிரணுவில் 48 குரோமோசோம்கள் உள என்று பெயின்டர் என்னும் அமெரிக்கர் 1923-இல் எழுதினார். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடநூல்கள் அவ்வெண்ணையே அச்சிட்டன. அதனைச் சந்தேகித்தவர் தம் கண்ணையே சந்தேகித்தனர். 1956-ஆம் ஆண்டில் ஜாவாவிற் பிறந்த ஜியோ என்பவரும் ஸ்வீடன் நாட்டு லெவான் என்பவரும் எண்ணி, அவை 46 என்று நிலைநாட்டினர். வெங்காய வேரை உயிரணுச் சோதனைக்கு உரிய கருவியாக 1938-இல் நிலைநிறுத்தியவரும் அந்த லெவானே. 2012-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சான்பிரான்சிஸ்கோ நகரில் அமெரிக்க உயிரணுவியற் சங்கம் கூடியபொழுது, ஆராய்ச்சியாளரும் பத்திராசிரியரும் சிலர் கூடி ஓர் அறிக்கை வகுக்கத் தொடங்கினர். ஒரு கட்டுரை வெளியான சஞ்சிகையின் எண்ணைக் கொண்டு அதனை எழுதியவரை மதித்தலாகாது, எழுதியதைப் படித்து மதித்தல் வேண்டும் என்பது அதன் சாரம். எண்ணின் கொடுமையை முதலில் வாய்விட்டுச் சொன்னவருள் உயிரணுவை எண்ணுவோரும் இருந்தனர் என்பது எமக்கு ஒருவாறு பெருமை.

இனி எம் கை தயங்கிய காரணத்தைக் கூறுவோம். யாம் சிறுவராயிருந்தபொழுது ஸ்ரீவில்லிபுத்தூரில் பாட்டியார் வீட்டில் தங்கி உயர்நிலைப்பள்ளியிற் படித்தோம். அங்கே எமக்கு இயற்கை நூல் கற்பித்த ஆசிரியர் ஒருவர், பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே நுண்ணோக்கியை ஜன்னல் ஓரத்தில் வைத்து, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, விடுமுறைதோறும் தனியே வேலை செய்வார். சின்ன வெங்காயத்தைத் தண்ணீர்க் குப்பியின் வாயில் அமர்த்தி, காலை 5 மணி முதல் மாலை 6 மணி வரையில் மணிக்கு ஒரு முறை வேர்நுனி எடுத்துச் சாயமேற்றி, ஆயிரம் உயிரணுக்களில் எத்தனை பிரிந்துகொண்டிருக்கின்றன என்று எண்ணிக் குறித்தார். நம் பக்கத்து வெயிலில் எந்த நேரத்தில் வேர் எடுத்தால் மிகுதியான பிரிவுகளைக் காணலாம் என்பதே அவர் கேள்வி. யாம் மேற்படிப்பிற்குச் செல்லுகையில் அவ்வட்டவணையின் பிரதி ஒன்றைத் தம் கையாலேயே எழுதித் தந்தார்.

துணி வெளுத்த நீரில் வெங்காய வேர் எவ்வாறு வளர்கின்றது என்பது யாம் செய்த ஆராய்ச்சி. அக்கட்டுரையில் வேர் எடுக்கும் நேரத்திற்கு அவருடைய அட்டவணையையே சேர்த்தோம். சேர்த்துவிட்டு, "எம் முற்சோதனைகளிற் கண்டவாறு" என்று எழுதினோம். அச்சொற்கள் மெய்யல்ல. கையெழுத்துச் சுவடியைக் குறித்தால் பத்திராசிரியர் ஏற்கார் என்று மனத்திற்கு ஒரு சமாதானம் கற்பித்துக்கொண்டோம். எவரையும் கேட்டுப் பார்த்தோமில்லை. படிவம் வந்தபின், அக்கட்டுரையை எடுத்தாண்ட 43 கட்டுரைகளையும் ஒவ்வொன்றாகப் படித்தோம். பெரும்பாலானவை எம் முடிவைத் தொடவேயில்லை. வேர் எடுக்கும் நேரத்தின் பொருட்டே எம்மைக் குறித்திருந்தன. எம்முடைய எண்ணிற் பெரிதாய் நின்றது எம்முடையதன்று.

மறுநாட் காலையில், எம் ஊர்ச் சப்பட்டை மாம்பழம் ஒரு பை எடுத்துக்கொண்டு, மேற்கு மலைத் தொடரை இடப்பக்கம் கண்டவாறே பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றோம். ஊர் வருமுன்னரே கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் தோன்றிற்று. திருமுக்குளத்தை அடுத்த தெருவில் ஆசிரியர் வீடு. எண்பதைக் கடந்தும் எம்மைக் குரலால் அறிந்துகொண்டார். "வா தம்பி, உட்கார்" என்று கூறி உள்ளே சென்று பால்கோவா கொணர்ந்து தந்தார். அதனைக் கையில் வைத்துக்கொண்டு உண்ணமாட்டாமல், கட்டுரையின் பிரதியை அவர்முன் வைத்து, செய்த குற்றத்தை ஒளியாது சொன்னோம்.

அவர் மூக்குக்கண்ணாடியை அணிந்து அட்டவணையின்மேல் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தோம். அல்லது போகட்டும் என்பார் என்று எதிர்பார்த்தோம். இரண்டும் இல்லை. விரல் ஓரிடத்தில் நின்றது. "தம்பி, இந்த மாலை 4 மணிக் கணக்கு தவறு. அன்று மேகம் மூடிக்கொண்டது, வெளிச்சம் போதவில்லை. அடுத்த கோடையில் மறுபடி எண்ணினேன்; வேறாக வந்தது. அது இன்னொரு நோட்டில் இருக்கிறது" என்றார்.

யாம் வாய் திறந்திலோம். அவர் மெல்லத் தொடர்ந்தார்: "என் பெயர் இருந்திருந்தால், எவனாவது ஒருவனுக்கு அந்த நேரத்தில் கணக்கு ஒத்துவராதபோது எனக்கு ஒரு கடிதம் எழுதியிருப்பான். நானும் பதில் எழுதியிருப்பேன். இப்பொழுது 43 பேர் அந்தத் தவற்றோடு போய்விட்டார்களே!"

மேற்கோளைப் பற்றி யாம் படித்த அனைத்தினும் அம்மூதாளர் சொன்ன இது தெளிவாயிருந்தது. பெயரைக் குறித்தல் ஒருவர்க்கு நாம் தரும் பரிசென்றே அதுவரை நினைத்திருந்தோம். பரிசாயின் தராமற்போனது கஞ்சத்தனம் என்னும் அளவில் நிற்கும். அது பரிசன்று; பாதை. ஐயமுற்றவன் திரும்பிச் சென்று, கண்டவனைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் பாதை. பெயரை மறைத்தவன் பாதையை வெட்டினவனாகின்றான். பின் வருவோர் எத்தனை பேராயினும் வெட்டிய இடத்திலேயே நின்று எண்ணிக்கையைக் கூட்டுவர். ஜானகி அம்மாள் பெயர் இரண்டாம் பதிப்பின் முகப்பில் இல்லாமையால் நேர்ந்த குறையும் அவருடையதன்று, நம்முடையதே என்று அப்பொழுது உணர்ந்தோம்.

அவருடைய இரு நோட்டுக்களையும் வாங்கி வந்து பைண்டு செய்து நம் கலாசாலைப் புத்தகசாலையிற் சேர்த்திருக்கின்றோம்; அவற்றிற்கு வரிசை எண் இடப்பட்டுவிட்டது; ஆகவே இனி எவரும் அவற்றை மேற்கோள் காட்டலாம். கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகைக்கு, அட்டவணை எவருடையது என்றும், 4 மணிக் கணக்கு இன்னதென்றும் திருத்தம் எழுதினோம், ஏற்றுக்கொண்டனர். ஆசிரியர் பெயரை இங்கும் எழுத அவரிடம் இசைவு கேட்டோம். "அங்கே இருக்கவேண்டியது அங்கே இருக்கட்டும், சஞ்சிகையில் வேண்டாம்" என்று மறுத்துவிட்டார். அவர் சொல்லைக் கடந்திலோம்.

படிவத்தில் 43 என்றே எழுதினோம், எண் அதுதான். அது எவர் உழைப்பால் வந்தது என்று சொல்லப் படிவத்தில் இடம் இல்லை. ஓரத்தில் சிறிய எழுத்தில் எழுதிக் கொடுத்தோம்.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளை நுண்ணோக்கியின் முன் அமர்வீர்கள். உங்களை எண்ணுவார் பலர் வருவர், அவரைத் தடுத்தல் உங்களால் ஆகாது, எம்மாலும் ஆகாது. உங்களுக்கு நூல் கொடுத்தவர் கணக்கை எழுதும் நோட்டு மட்டும் உங்கள் கையில் இருக்கும். அவர் பள்ளிக்கூடத்து வாத்தியாராயினும், ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவுபவராயினும், அவர் கண்டது அவர் கண்டதே. முதற் கட்டுரையை எழுதும் நாளிலேயே அந்த நோட்டைத் திறந்துவிடுங்கள். பல ஆண்டு கழித்துத் திறப்போர்க்கு, எமக்குக் கிடைத்ததுபோல, ஆசிரியர் உயிரோடிருந்து விரல் வைத்துத் திருத்தும் பாக்கியம் எப்பொழுதும் கிடைப்பதன்று.